பச்சைத் தண்ணீர்

'பச்சைத் தண்ணீர்' என்று நம் வீடுகளில் சொன்னால் காய்ச்சாத, சுட வைக்காத, சும்மா பானையில் மொண்டு குடிக்கிற தண்ணீர். அதையே மீன் வளர்க்கிறவரிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். அவர் அகராதியில் அது நிஜமாகவே பச்சை. பாசி பிடித்து, வெண்டைக்காய் கலரில், சமயத்தில் கொஞ்சம் வாசனையோடு.

இந்த வாரம் அந்தப் பச்சைத் தண்ணீர்தான் சப்ஜெக்ட். காரணம், ஒரு கடிதம்.

எழுதியவர் மாரண்டஹள்ளி வாசகர். பெயர் போட வேண்டாம் என்று இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கிறார். விஷயம் இன்னும் அப்பா காதுக்குப் போகவில்லையாம். மாரண்டஹள்ளி தெரியாதவர்களுக்கு: தர்மபுரி மாவட்டம். சேலத்திலிருந்து ஓசூர் வழியாக பெங்களூர் போகிற ரயில் பாதையில், பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவே. ஊர்ப் பெயர் கன்னடத்தில் முடியும். பேச்சு தமிழில் கிளம்பி, தெலுங்கைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும். நம் வாசகர் ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. காலையில் போய் ராத்திரி திரும்புகிற ஆசாமி. அவர் கடிதத்தின் சாரம் இது:

'சார், தோட்டத்தில் 50,000 லிட்டர் பிடிக்கிற தார்ப்பாய்த் தொட்டி போட்டு ஜிலேபி மீன் வளர்க்கிறேன். தினமும் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டியிருக்கிறது. வெளியே விடுகிற தண்ணீர் வரப்பைத் தாண்டி பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுப் பக்கம் போய்விடுகிறது. அவர் எனக்குச் சித்தப்பா முறை. இரண்டு மாசமாகப் பேச்சு இல்லை. இப்போது ஒருத்தர் வந்து, அந்தக் கழிவுத் தண்ணீரிலேயே ஸ்பைருலினா வளர்க்கலாம், ஒன்றரை லட்சம் கட்டினால் விதைப் பாசியும் டிரெயினிங்கும் தருவோம், விளைந்ததை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்வோம் என்கிறார். பி.எஃப். பணம் இருக்கிறது. இறங்கலாமா?'

ஒரு கேள்வி மாதிரி தெரிந்தாலும் இதற்குள் மூன்று கேள்வி இருக்கிறது. மீன் கழிவில் பாசி வளருமா? வளர்ந்தால் தண்ணீர் சுத்தமாகுமா? அந்தப் பாசியை விற்றுக் காசு பார்க்க முடியுமா?

பதில்கள், முறையே: ஜோராக வளரும். ஆகும். பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள்.

இனி விளக்கம்.

*

மீனுக்கு நாம் போடுகிற தீவனத்தில் முக்கியமான சரக்கு புரதம். புரதத்தில் நூற்றுக்குப் பதினாறு பங்கு நைட்ரஜன். இதில் மீன் உடம்பில் சேர்வது சுமாராகக் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கும் தண்ணீருக்கே திரும்பி வந்துவிடுகிறது. நம்மைப் போல மீன் ஒரு மூலைக்குப் போய் ஒதுங்குவதில்லை. செவுள் வழியாகவே அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். அது நீந்துவதும் அங்கேதான், சாப்பிடுவதும் அங்கேதான், மற்றதும் அங்கேதான். கதவு ஜன்னல் இல்லாத பேச்சிலர் ரூம் மாதிரி!

அமோனியா கூடினால் மீனுக்கு ஆபத்து. அதனால்தான் தண்ணீரை மாற்றச் சொல்கிறார்கள். நம் வாசகர் மாற்றுவது தினம் 5,000 லிட்டர். மாசத்துக்கு ஒன்றரை லட்சம் லிட்டர். (வந்தவர் கேட்பதும் ஒன்றரை லட்சம். தற்செயல்தான்.)

இதை வேறு மாவட்டத்துக்காரர் சொன்னால் 'ப்பூ' என்று விடலாம். தர்மபுரியில் முடியாது. நிலத்தடித் தண்ணீரில் ஃப்ளோரைடு கூடி, பல்லில் கறையும் எலும்பில் வலியுமாக அவதிப்பட்ட மாவட்டம் அது. ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவர ஜப்பான் கடனுதவியோடு பெரிய திட்டம் போட்டு, 2013-ல்தான் அது நடைமுறைக்கு வந்தது. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் பஞ்சப்பள்ளியில் சின்னாறு அணை இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் அணை இருப்பது வேறு, அதில் தண்ணீர் இருப்பது வேறு என்பது அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் மாசம் ஒன்றரை லட்சம் லிட்டரை வரப்புக்கு மேல் வழியவிட்டால் சித்தப்பா பேசாமல் என்ன செய்வார்?

*

சித்தப்பா கோபத்துக்கு ஒரு சரித்திரமே உண்டு. 1990-களில் நாகப்பட்டினம், தஞ்சாவூர்க் கடலோரம் பூரா இறால் பண்ணைகள் முளைத்தன. நெல் வயலுக்குப் பக்கத்திலேயே உப்புத் தண்ணீர்க் குளம். தீவனமும் மருந்தும் கலந்த கழிவு வாய்க்காலில் போனது. குடிதண்ணீர்க் கிணறு உப்புக் கரித்தது. சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு. கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை (பாரம்பரிய முறையில் நடப்பவை நீங்கலாக) 1997 மார்ச் 31-க்குள் இடித்துத் தள்ள வேண்டும் என்று உத்தரவு. கெடுத்தவன்தான் காசு கொடுத்துச் சரிசெய்ய வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

பிறகு பண்ணைக்காரர்கள் தரப்பில் முட்டி மோதி, 2005-ல் கடலோர நீருயிரி வளர்ப்புக்கென்று தனிச் சட்டமே வந்தது. பெரிய பண்ணைகள் கழிவு நீரைச் சுத்தம் பண்ணித்தான் வெளியே விட வேண்டும் என்று விதி. அந்தச் சட்டம் கடலோரத்துக்குத்தான். மாரண்டஹள்ளியில் கடல் இல்லை. ஆனால் கிணறு இருக்கிறதே! கிணற்றுக்கு ஒரு சட்டம் தேவையில்லை, சித்தப்பா போதும்.

*

சரி, அமோனியாவை என்ன செய்வது? மீனுக்கு விஷமான அதே சமாச்சாரம் பாசிக்கு பிரியாணி. யூரியா மூட்டையில் நாம் காசு கொடுத்து வாங்குகிற அதே நைட்ரஜன்தான் இது. வெயில், கரியமில வாயு, கொஞ்சம் பாஸ்பரஸ். இவ்வளவு கிடைத்தால் குளோரெல்லா மாதிரி நுண்பாசிகள் ஒரு நாளிலேயே இரண்டு மடங்காகிவிடும். ஒரு செல்லின் அளவு சுமார் 5 மைக்ரான். தலைமுடி கனத்தில் பத்துக்கு மேல் வரிசையாக நிற்க வைக்கலாம்.

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், வில்லியம் ஆஸ்வால்ட் என்கிற பேராசிரியர் 1950-களிலேயே இதைக் கழிவு நீருக்குச் செய்து காட்டினார். ஆழம் ஒரு அடிக்குச் சொச்சம். ரேஸ் மைதானம் மாதிரி வளைந்து சுற்றுகிற குளம். தண்ணீரை மெதுவாகத் தள்ளிவிட ஒரு துடுப்புச் சக்கரம். உள்ளே நடப்பது பக்கத்து வீட்டுக் கொடுக்கல் வாங்கல். பாக்டீரியா கழிவைத் தின்று கரியமில வாயுவை விடும். பாசி அதை வாங்கிக்கொண்டு ஆக்ஸிஜனைக் கொடுக்கும். அந்த ஆக்ஸிஜனில் பாக்டீரியா மறுபடி வேலை செய்யும். கரண்ட் பில்லில் பெரிய பங்கைச் சூரியனே கட்டிவிடுகிறார்.

அமெரிக்காதானா என்று முகம் சுளிப்பவர்கள் கல்கத்தாவுக்கு வாருங்கள். நகரத்தின் சாக்கடைக்குப் பெரிய சுத்திகரிப்பு நிலையம் இல்லையே, இவ்வளவும் எங்கேதான் போகிறது என்று துருபஜோதி கோஷ் என்கிற அரசாங்க என்ஜினீயர் 1980-களில் அந்தச் சாக்கடையின் பின்னாலேயே போனார். நகரத்துக்குக் கிழக்கே வரிசையாக மீன் குளங்கள்! சாக்கடைத் தண்ணீரைத் தேக்கி, வெயிலில் வைத்து, பாசி வளரவிட்டு, அந்தப் பாசியைத் தின்ன மீனை விட்டு, கடைசியில் மிஞ்சும் தண்ணீரை நெல்லுக்கும் காய்கறிக்கும் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எந்த காலேஜிலும் படிக்காத மீனவர்கள், தலைமுறை தலைமுறையாக! சுமார் 12,500 ஹெக்டேர். 2002-ல் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்து சர்வதேச அந்தஸ்து பெற்றது. கோஷ் 2018-ல் காலமாகும் வரை அந்தக் குளங்களை ரியல் எஸ்டேட்காரர்களிடமிருந்து காப்பாற்றப் போராடிக்கொண்டே இருந்தார்.

கவனியுங்கள். கல்கத்தா மீனவர்கள் பாசியை விற்கவில்லை. மீனைத்தான் விற்றார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மூன்றாவது கேள்விக்கு வருவோம்.

*

பேப்பரும் பேனாவும் எடுங்கள். நம் வாசகர் தொட்டியில் 500 கிலோ மீன், தினம் 10 கிலோ தீவனம் என்று வைத்துக்கொள்வோம்.

10 கிலோ தீவனத்தில் நூற்றுக்கு 30 பங்கு புரதம் என்றால் 3 கிலோ. அதில் நைட்ரஜன் 480 கிராம். மீன் எடுத்துக்கொண்டது போகத் தண்ணீருக்கு வருவது சுமார் 360 கிராம், தினமும்.

நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டர் பாசிக் குளம் ஒரு நாளைக்கு 10 கிராம் உலர்ந்த பாசி கொடுக்கும். கெட்டிக்காரர்கள் இன்னும் கூட எடுப்பார்கள். நாம் பத்தோடு நிற்போம். அதில் நைட்ரஜன் 0.8 கிராம். ஆக, 360 கிராமையும் பிடிக்க 450 சதுர மீட்டர் வேண்டும். நம் கணக்கில் 11 சென்ட். கிடைக்கும் பாசி தினம் நாலரை கிலோ.

'பார்த்தீர்களா சார், தினம் நாலரை கிலோ பவுடர்!' என்று ஏஜென்ட் இங்கே புத்தகத்தை மூடிவிடுவார். நாம் மூடக்கூடாது.

இந்த மாதிரிக் குளத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் அரை கிராம் பாசி இருந்தாலே அதிகம். நாலரை கிலோ வேண்டுமானால் தினம் 9,000 லிட்டர் தண்ணீரை வடிகட்ட வேண்டும். 5 மைக்ரான் ஆசாமியை எதில் வடிகட்டுவது? வேட்டியில் ஊற்றினால் வேட்டி பச்சையாகும், பாசி அந்தப் பக்கம் போய்விடும். ஆஸ்பத்திரி லேபில் ரத்தத்தைச் சுற்றுவார்களே, அந்த மாதிரிப் பெரிய மெஷின் வேண்டும். அதற்குக் கரண்ட். பிறகு அன்றைக்கே காய வைக்க வேண்டும், இல்லையென்றால் நாறும். ஐப்பசி கார்த்திகையில் வானம் மூடிக்கொண்டால் எங்கே காய வைப்பது?

பாசியைத் தண்ணீரிலிருந்து பிரிப்பது. இந்த ஒரு வேலை எழுபது வருஷமாக உலகத்தையே தண்ணி காட்டுகிறது. 1950-களில் உலகப் பசிக்கு குளோரெல்லாதான் மருந்து என்று விஞ்ஞானிகள் அடித்துச் சொன்னார்கள். செலவு கட்டுப்படியாகாமல் அது மாத்திரை டப்பாவோடு நின்றுபோனது. பாசியிலிருந்து டீசல் எடுக்க அமெரிக்க அரசு 1978-ல் ஆரம்பித்த ஆராய்ச்சியை 1996-ல் மூடியது. எக்ஸான்மொபில் என்கிற எண்ணெய்க் கம்பெனி 2009-ல் தடபுடலாக இறங்கி, 2023-ல் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்டது. அவர்கள் கையில் இருந்தது பி.எஃப். பணம் இல்லை!

*

'ஸ்பைருலினாவைத் துணியில் வடிகட்டலாமே' என்று விஷயம் தெரிந்தவர்கள் கை தூக்குவீர்கள். உண்மை. அது சுருள் சுருளான நூல் மாதிரி இருக்கும், மெல்லிய துணியில் நிற்கும். அதனால்தான் கிராமத்திலும் வளர்க்க முடிகிறது. சென்னை தரமணியில் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் விஞ்ஞானி சி.வி.சேஷாத்ரி காலத்திலேயே கிராமத்து ஜனங்களுக்காக இதில் நிறைய வேலை நடந்தது. புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் இன்றைக்கும் பெரிய அளவில் வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள்.

ஆனால் ஸ்பைருலினாவுக்கு ஒரு பிடிவாதம். சமையல் சோடா கரைத்த மாதிரிக் காரமான தண்ணீர்தான் வேண்டும். பி.எச். அளவு 10-ஐ ஒட்டி. இங்கேதான் வில்லங்கம். அமோனியாவுக்கு இரண்டு வேஷம் உண்டு. ஒன்று சாது, ஒன்று ரௌடி. பி.எச். 7-ல் நூற்றில் ஒரு பங்குகூட ரௌடி கிடையாது. 9-ஐத் தொட்டால் மூன்றில் ஒரு பங்கு ரௌடி. 10-க்குப் போனால் பெரும்பகுதி ரௌடிதான். ஸ்பைருலினா குளத்துத் தண்ணீரை மறுபடி மீன் தொட்டிக்கு விட்டால் மறுநாள் காலையில் மீன் மல்லாக்க மிதக்கும். ஆக, தண்ணீரை மிச்சம் பிடிக்கிற திட்டம் அங்கேயே அடிபட்டுப் போச்சு.

இன்னொன்று, முக்கியமானது. மனுஷன் தின்கிற பாசியைச் சுத்தமான தண்ணீரில்தான் வளர்க்க வேண்டும். பாசி நல்லது கெட்டது பார்க்காது. தண்ணீரில் ஈயம், ஆர்சனிக் இருந்தால் அதையும் இழுத்து உடம்பில் வைத்துக்கொள்ளும். மீன் கழிவில் விளைந்ததை மாத்திரையாக்கிக் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னால், அவரையே முதலில் ஒரு ஸ்பூன் சாப்பிடச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த 'நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம்'. இந்த வசனம் தமிழ்நாட்டுக்குப் புதுசா? 1990-களில் தேக்கு மரம். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி. இரண்டிலும் ஏமாந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. பலர் சம்பளக்காரர்கள், ரிடையர் ஆனவர்கள், கணக்குப் போடத் தெரிந்தவர்கள். ஒரே ஒரு கேள்வியைக் கேட்க மறந்தார்கள்: 'என்னிடம் வாங்கி நீ யாருக்கு விற்கிறாய்? அந்த ஆளிடம் என்னைக் கூட்டிப்போ.' ஈமு விஷயத்தில் ஈமுவைத் தின்ன ஆள் இல்லை. அடுத்த முதலீட்டாளர்தான் இருந்தார்.

*

'அப்ப நான் என்னதான் சார் செய்யறது?' என்று மாரண்டஹள்ளிக்காரர் கேட்பது இங்கே கேட்கிறது. செய்ய நிறைய இருக்கிறது. செலவும் கம்மி.

ஒன்று. வெளியே விடுகிற தண்ணீரை முதலில் ஒரு சின்னக் குழியில் அரை நாள் நிற்க விடுங்கள். கசடு அடியில் தங்கும். அதை அள்ளி எருக்குழியில் போடுங்கள்.

இரண்டு. மேலாக நிற்கும் தண்ணீரை ஒரு அடி ஆழமுள்ள, வெயில் படுகிற இன்னொரு குழிக்கு விடுங்கள். அடியில் தார்ப்பாய் போட்டால் கிணற்றுப் பக்கம் கசியாது. பாசி விதையெல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டாம்; காற்றிலும் தண்ணீரிலும் இருக்கிறது, கூப்பிடாமலே வரும். தினம் நாலு தடவை கலக்கிவிட்டால் போதும். 11 சென்ட் இல்லையென்றால் மூன்று சென்ட் போடுங்கள். அந்த அளவுக்குச் சுமை குறையும்.

மூன்று. பாசியைப் பிடிக்கிற வேலையை மீனிடமே விட்டுவிடுங்கள். வெள்ளிக் கெண்டையின் செவுள் பாசியைச் சலித்துத் தின்பதற்கென்றே அமைந்தது. பாசிக் குளத்துத் தண்ணீரை இன்னொரு ஆழமான குளத்துக்கு விட்டு அதில் வெள்ளிக் கெண்டையும் கட்லாவும் விடுங்கள். கல்கத்தா டெக்னிக். மெஷின் வேண்டாம், மீன் சந்தைக்குப் போனால் வாங்க ஆளும் உண்டு. சந்தையில் நல்ல விலை போகிறது என்று யாராவது ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு கொண்டுவந்து நீட்டினால் மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதை வளர்க்கத் தடை இருக்கிறது.

நாலு. தினம் காலையில் கையைத் தண்ணீரில் நீட்டிப் பாருங்கள். முழங்கை முங்கும்போது உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் பாசி அளவாக இருக்கிறது. முழங்கை முங்குவதற்கு முன்பே உள்ளங்கை மறைந்தால் அளவு மீறிவிட்டது. பாசி பகலில் ஆக்ஸிஜன் கொடுக்கும். ராத்திரி மீனோடு போட்டி போட்டு அதையே இழுக்கும். விடியற்காலை அஞ்சு மணிக்கு மீன்கள் மேலே வந்து வாயை வாயைப் பிளந்தால் உடனே ஏர் பம்பைப் போடுங்கள். காபி அப்புறம்.

அஞ்சு. தண்ணீர் மேல் பெயின்ட் கொட்டினது மாதிரி நீலப்பச்சை ஆடை படர்ந்தால் ஜாக்கிரதை. மைக்ரோசிஸ்டிஸ் என்று ஒரு வகை, ஈரலைக் கெடுக்கும் விஷம் உள்ளது. ஆடு மாடு வாய் வைக்க விடாதீர்கள்.

ஆறு. சந்தேகம் வந்தால் தர்மபுரி மீன்வளத் துறை ஆபீஸ் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. ஒரு லீவு நாளில் போய்விட்டு வரலாம். உங்கள் ஜிலேபி மீன் 'கிஃப்ட்' ரகம் என்றால் அதற்கு அரசு அனுமதி வேண்டும். வாங்காமல் இருந்தால் அந்த வேலையையும் அப்படியே முடித்துக்கொண்டு வாருங்கள். ஒன்றரை லட்சம் கேட்கமாட்டார்கள்.

ஏழாவதுதான் முக்கியம். கடைசியாக மிஞ்சுகிற பச்சைத் தண்ணீர் இருக்கிறதே, அது உரத் தண்ணீர். பாலக்கோடு வட்டாரமே தக்காளிக்குப் பேர் போனது. சித்தப்பா தோட்டத்தில் என்ன பயிர் என்று நீங்கள் எழுதவில்லை. தக்காளியோ தென்னையோ, எதுவாக இருந்தாலும் அவருக்கும் உரச் செலவு இருக்கும், அவர் போரிலும் தண்ணீர் குறைவாகத்தான் இருக்கும். வரப்பைத் தாண்டித் திருட்டுத்தனமாகப் போன தண்ணீர், ஒரு குழாய் வழியாக, அவர் கேட்ட நேரத்தில், அவர் சொன்ன பாத்திக்குப் போகட்டும். முதலில் நாலு செடிக்கு மட்டும் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம்.

அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள். சித்தப்பா முறை என்கிறீர்கள், எப்படியும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

பி.கு: ஏஜென்ட் மறுபடி வந்தால், 9,000 லிட்டரை எப்படி வடிகட்டுவது என்று மட்டும் கேளுங்கள். நல்ல பதில் சொன்னால் அவர் விலாசத்தை எனக்கு அனுப்புங்கள். எக்ஸான்மொபில்காரர்களுக்கு எழுதிப் போடலாம்.